கம்பளியும் கேமராவும்

டிசம்பர் வந்தால் நம்மூர் சபைக்காரர்கள் சிலருக்கு மலை ஞாபகம் வந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி, கோயிலில் பேனர் கட்டி, கிறிஸ்துமஸ் ஆராதனை நடுவில் மைக்கைப் பிடித்து, 'இந்த ஏழை மக்களுக்கு...' என்று ஆரம்பிப்பார்கள். 'கம்பளியைத் தூக்கிப் பிடிங்க பாட்டி, சிரிங்க!' க்ளிக்.

உடனே எதிர்க்கோஷ்டி: 'பாத்தீங்களா, கம்பளிக்கு மதம் மாத்துறாங்க!'

ரெண்டு பேருக்குமே அந்தச் சபையின் கதை தெரியாது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதி அங்கே போனது 1913ல். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஜனங்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கவில்லை. வருஷக்கணக்கில் ஒருத்தர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நான் பி.காம். சார். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இது லஞ்சக் கணக்காக டேலி ஆகவில்லை.

முதல் உலகப் போர் முடிகிற சமயம் இன்ஃப்ளூயன்ஸா வந்தது. அதுவரை அவர்களை எதிர்த்த பூசாரி சாகக் கிடந்தார். ஊர் ஒதுங்கியது, போய்ப் பார்த்தவர்கள் இவர்கள்தான். தன் பெண் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார் அவர். சபை பிறந்தது அதற்கு அப்புறம்.

அந்தச் சபைக்கு வயசு நூறு தாண்டிவிட்டது. அங்கே நீங்கள் விருந்தாளி. கடைசி வரிசையில் உட்காருங்கள். அவர்கள் பாடட்டும், அவர்கள் ஜெபிக்கட்டும். கம்பளியை வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

கேமரா? ஜெஸ்ஸி 1929ல் காய்ச்சலில் அந்த மலையிலேயே செத்தார். 1974ல், 95 வயதில் இறந்த ஈவ்லினுக்கும் அவர் பக்கத்தில்தான் குழி. அந்த அம்மாள் கடைசி 20 வருஷம் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை.