பணித்தள வீடியோக்கள் பற்றிய எங்கள் ஜெபக்குழுவின் நிலைப்பாடு

வடமாநிலப் பணித்தளத்தில் ஒரு பெண் ஞானஸ்நானம் பெறுவதை முகம் தெரியப் படம் பிடித்த வீடியோ எங்கள் குழுவில் விவாதத்துக்கு வந்தது. அதில் எடுத்த முடிவை இங்கே அறிவிக்கிறோம்.

ஞாயிறு ஆராதனை நேரலை தொடரலாம். செயற்கை நுண்ணறிவுக் குரலில் செய்தி கொடுப்பதைக் கூடியமட்டும் தவிர்ப்பது நல்லது என்பது பெரும்பான்மையோர் கருத்து.

வடமாநிலப் பணித்தளங்களில் ஞானஸ்நானம் பெறுவோர், சுகம் பெற்றுச் சாட்சி சொல்வோர் ஆகியோரின் முகத்தையோ ஊர்ப் பெயரையோ யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வெளியிடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

உத்தரப் பிரதேசச் சட்டப்படி மதம் மாறுபவர் 60 நாள் முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதித் தரவேண்டும். தவறினால் அவருக்கே சிறை. 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். கடும் குற்றச்சாட்டுகளுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. இது தெரிந்தும் தண்ணீரில் நிற்கிற பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறோமே, எந்தத் துணிச்சலில்? படம் பிடித்தவருக்குத் திருநெல்வேலிக்குத் திரும்ப ரயில் டிக்கெட் இருக்கிறது. அந்தப் பெண் அதே தெருவில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

"சம்மதம் வாங்கினோம்" என்கிறார்கள் படம் பிடித்தவர்கள். யூடியூப் என்றால் என்னவென்று அறியாதவர்களிடம், தங்களுக்காக ஜெபித்த ஊழியரே கேட்டால் மறுப்பார்களா? அதைச் சம்மதம் என்று ஏற்க எங்களால் முடியவில்லை.

ஆதரவாளர்கள் பலனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வாதத்தையும் மதிக்கிறோம். ஆனால் யவீருவின் மகளை எழுப்பியபோது ஆண்டவர் கூட்டத்தை வெளியே அனுப்பினார். நடந்ததை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாமென்று கண்டிப்பாகச் சொன்னார் (மாற்கு 5). அவர் மூடிய கதவைத் திறந்து படம் பிடிக்க நமக்கு யார் உரிமை தந்தது?

தொழில்நுட்பத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பிற்காலத்தில் செஷல்ஸ் தீவுகளிலிருந்து சிற்றலை வானொலியில் நற்செய்தி வந்தது. அச்சும் வானொலியும் செய்தியைத்தான் கொண்டுபோயின. வாசித்தவர், கேட்டவர் யாரென்று எவருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

பழைய வீடியோக்களை இம்மாத இறுதிக்குள் நீக்க வேண்டுகிறோம். ஊழியர்களும் ஆதரவாளர்களும் தங்கள் கைப்பேசியிலுள்ள பிரதிகளையும் அழிக்க வேண்டும். நீக்காத பணித்தளங்களுக்கான மாதாந்தர உதவியைச் செயற்குழு மறுபரிசீலனை செய்யக்கூடும்; உடனே நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்தியவர்களின் கருத்தும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.