தனுஷ்கோடி பேய் ஊர் இல்லை, சார்!

தனுஷ்கோடியை "பேய் நகரம்" என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் "கோஸ்ட் டவுன்" என்றால் ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஊர், அவ்வளவுதான். அதை எவரோ வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கிப் பேயைக் கொண்டு வந்து குடிவைத்துவிட்டார்கள். பாழூர், அழிந்த ஊர் என்று நம் பாஷையில் வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் பேய் என்றால்தானே ஒரு "த்ரில்", பின்னணியில் ஒரு பயங்கர மியூசிக் போட்டு வீடியோ விட முடியும்!

இவ்வளவு சூடாக ஆரம்பிக்கக் காரணம், வருஷா வருஷம் எங்கள் வைட்ஃபீல்ட் பக்கம் டிசம்பரில் பரவும் ஒரு காய்ச்சல். கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து மூன்று கார் எடுத்துக்கொண்டு கிளம்பும். ஓசூர், சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டுவார்கள். விடிந்தால் ராமேஸ்வரம். ஒரே நாளில் தீவு முழுக்கப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும். அதற்கு எக்செல் ஷீட்டில் அட்டவணை வேறு: பாம்பன் பாலம் 15 நிமிடம், 22 தீர்த்தம் 2 மணி நேரம், பேய் நகரம் 20 நிமிடம், பீச் ஒரு மணி நேரம். "அங்க என்ன சார் இருக்கு, நாலு இடிஞ்ச செவுரு. இருபது நிமிஷம் தாராளம்" என்றார் அட்டவணை போட்டவர்.

இதே மனிதர் அதற்கு முந்தின கோடையில் குடும்பத்தோடு கிரீஸ் போய் வந்தவர். ரோட்ஸ் தீவில் வாடகைக் கார் எடுத்து ஒரு நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறார். லிண்டோஸ் மலைக்கோட்டை, கமிரோஸ் இடிபாடு, நடுவில் இரண்டு பீச். வந்ததும் ஹாலில் எங்களை உட்காரவைத்து டிவியில் படம் காட்டினார். கி.மு. 226இல் வந்த நிலநடுக்கம், அதில் விழுந்த கொலோசஸ் சிலை, அதே நடுக்கத்தில் சிதைந்த கமிரோஸ் என்று மனிதர் கைடு மாதிரி ஒப்பித்தார். பையன் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தபோது காவலாளி விசில் ஊதி எழுப்பியதைக்கூட "என்ன ஒரு டிசிப்ளின் பாருங்க சார்!" என்று சிலாகித்தார்.

டிசம்பரில் தனுஷ்கோடி போய்வந்த பிறகும் படம் காட்டினார். அதே பையன் இடிந்த தேவாலயத்தின் சுவர் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரிக்கிறான். விசில் ஊத அப்பனும் இல்லை, காவலாளியும் இல்லை.

2,200 வருஷத்துக்கு முன்னால் முகம் தெரியாத கிரேக்கர்கள் செத்ததற்கு அடக்க ஒடுக்கம். 1964இல் நம் ஆட்கள் செத்த இடத்தில் சர்க்கஸ். இதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த ராத்திரி என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான புயல், 22ஆம் தேதி இலங்கையைத் தாண்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. 22 நள்ளிரவில் தனுஷ்கோடிக்குள் கடல் புகுந்தது. அலைகள் 20 அடிக்கு மேல் எழுந்தன என்கிறார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், சத்திரம் என்று எல்லாம் இருந்த ஒரு துறைமுக ஊர் விடியும்போது இல்லை. இந்தப் புயலில் மாண்டவர்கள் மொத்தம் சுமார் 1,800 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்பிறகு அரசு இந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது.

ரயில் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். பாம்பன் பாலத்தில் காரை ஓரம் கட்டிவிட்டு, "இங்கேருந்துதான்டா ட்ரெயின் கடல்ல விழுந்துச்சு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத அப்பா குறைவு. அது பாலத்திலிருந்து விழவில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் பாலத்தின் பக்கமே இல்லை, தீவுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது, சிக்னல் கிடைக்காமல் நின்று, பிறகு மெல்ல நகர்ந்த வண்டியை அலை அடித்துக்கொண்டு போனது. பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர் என்பது கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம் இருக்கும் என்பார்கள்.

பாலத்துக்கும் அதே புயலில் பலத்த அடி. 1914இல் திறந்த பாலம் அது. நூற்றுக்கு மேற்பட்ட கண்கள் அடித்துப் போய்விட்டன. ஸ்ரீதரன் (பின்னாளில் டெல்லி மெட்ரோ போட்டவர், அவரேதான்) தலைமையில் 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். பாலத்துக்குக் கிடைத்த புகழ் நியாயமானதுதான். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே தூக்குப்பாலத்தோடு புதுப் பாலமும் திறந்தாகிவிட்டது, சந்தோஷம். பாலம் மீண்டது, அதைக் கொண்டாடுகிறோம். மீளாத ஊருக்கு மட்டும் பேய்ப் பட்டம்.

சரி, இது வெறும் புயல் கதை என்றால்கூட இவ்வளவு பேசமாட்டேன். ஊரைவிட்டு ஊர் வந்து பிழைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு தனுஷ்கோடி வேறு ஒரு வகையில் சொந்தம். அது ஒரு வாசல். 1914லிருந்து மெட்ராஸ் எழும்பூரில் "போட் மெயில்" ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. ஒரே டிக்கெட். தலைமன்னாருக்குக் கடல் தூரம் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான்.

பணக்காரர்கள் போட் மெயிலில் போனார்கள். ஏழைகளை மண்டபத்தில் நிறுத்தினார்கள். மண்டபம் கேம்ப் என்று இன்றும் ரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறதே, அது சிலோன் அரசு நடத்திய முகாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ஜனங்களை அங்கே தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். இன்றைக்கு விசாவுக்கு மெடிக்கல் டெஸ்ட் என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அதை அந்த ஜனங்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

இதில் ஒரு தேதியைக் கவனியுங்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா திரும்ப ஏற்பதாக முடிவு. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களிடம், கேட்காமல் கொள்ளாமல், "உன் ஊர் அது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, போன வாசலைப் புயல் கொண்டுபோய்விட்டது. அவர்கள் பிறகு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, அதே மண்டபம் கேம்ப் வழியாக நீலகிரிக்கும் இன்னும் எங்கெங்கோவும் சிதறினார்கள். நம் கர்நாடகத்திலேயே சுள்யா, புத்தூர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்களும், 2022இல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோது வந்தவர்களும் கால் வைத்தது இந்த மணலில்தான். நாம் ட்ரோன் விட்டுப் படமெடுக்கிற இதே அரிச்சல்முனை.

நான் பேங்கில் குப்பை கொட்டுபவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு கணக்கை பத்து வருஷம் எவரும் தொடவில்லை என்றால், அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு நிதிக்கு மாற்றிவிடுவோம். உரிமை கோராத வைப்பு என்று அதற்குப் பெயர். ஆனால் பணம் யாருடையது என்கிற பதிவு அழியாது. அப்புறம் எத்தனை வருஷம் கழித்து உரியவரோ வாரிசோ வந்து ஆதாரத்தோடு கேட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். தனுஷ்கோடி அப்படி ஒரு உரிமை கோராத கணக்கு. அதன் வாரிசு, வேலைக்காகக் கடல் தாண்டியும் மாநிலம் தாண்டியும் போகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும்தான். வாரிசே வந்து கவுன்டரில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனால் கணக்கு என்னாவது?

"லீவுக்குப் போற இடத்துல ஒப்பாரி வெக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள், தெரியும். இல்லை சார். குழந்தைகள் சிரிக்கட்டும், ஓடட்டும். பெண் கடல், ஆண் கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிற இரண்டு கடலையும் அடுத்தடுத்துப் பார்ப்பது மாதிரி ஓர் அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. அனுபவியுங்கள். ரோட்ஸ் தீவிலும் நீங்கள் அழவில்லையே. கொஞ்சம் தெரிந்துகொண்டு போனீர்கள், கொஞ்சம் நிதானமாக நடந்தீர்கள், கல்லில் ஏறவில்லை. அந்த மரியாதையை இங்கேயும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"அதெல்லாம் கவர்மென்ட் வேலை" என்பது அடுத்த பதில். அரசுக்கும் வேலை இருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல ரோடு போட்டாகிவிட்டது. அதற்கு முன் மணலில் வேன்காரர்களை நம்பித்தான் போகவேண்டும். ரோடு வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் சுவர் தாங்காது. சுவர்களைக் காப்பாற்ற வேண்டும், இறந்தவர்களின் பெயர்களைத் தேடி எழுதிவைக்க வேண்டும், மண்டபம் முகாமின் கதையைச் சொல்ல ஒரு கூடமாவது வேண்டும். ஆனால் குழந்தையைச் சுவரிலிருந்து இறக்குவதற்கு அரசாணை தேவையில்லை.

இன்னொன்று. பேய் ஊர் என்கிறீர்களே, அங்கே இன்றைக்கும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. கரைவலை இழுக்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். மீன் வறுத்து விற்கிறார்கள், சங்கு, சிப்பி மாலை விற்கிறார்கள். ஊர் பேய் ஊர் என்றால் இவர்கள் யார்? ரோட்ஸில் ஒரு பாட்டில் தண்ணீருக்கு யூரோவை நீட்டியபோது வாய் திறக்காதவர், இங்கே அந்த அக்காவிடம் சிப்பி மாலைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடுகிறார். இருபது நிமிடத்தில் கால் மணி அதிலேயே போய்விட்டது!

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். முந்தின ராத்திரி ராமநாதபுரத்தில் தூங்கிவிடுங்கள். காலையில் கிளம்பி, மண்டபத்தைத் தாண்டும்போது அந்த முகாமின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் (உள்ளே போய் வேடிக்கை பார்க்க வேண்டாம், இன்றும் அங்கே ஈழத்து மக்கள் குடியிருக்கிறார்கள்). பாலம் தாண்டியதும் குந்துகால். சிகாகோ போய்விட்டுக் கொழும்பு வழியாக வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கியதன் நினைவிடம் அது. வெயில் ஏறுமுன் நேரே தனுஷ்கோடி. போகிற வழியில், அந்தக் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி ராமேஸ்வரத்தில் போட்ட பையன் பின்னாளில் ஜனாதிபதி ஆனதைச் சொல்லுங்கள். அந்த ரயில் ஓடியதும் இந்த ராமேஸ்வரம் – தனுஷ்கோடி தடத்தில்தான். இடிபாடுகளில் ஒரு மணி நேரம், அரிச்சல்முனையில் ஒரு மணி நேரம். முனையில் குளிக்க இறங்காதீர்கள், இழுப்பு பொல்லாதது. குளித்தே ஆகவேண்டும் என்றால் பாலத்துக்கு இந்தப் பக்கம் உச்சிப்புளி அருகே அரியமான் கடற்கரை, குழந்தைகளுக்கு ஏற்ற அமைதியான கடல். புயலில் தப்பிய கோதண்டராமர் கோயிலைத் திரும்பும்போது பாருங்கள். பெரிய கோயிலுக்குச் சாயங்காலம் போதும்.

தெரிந்துகொள்ளாமல் வாழ்வது நமக்குப் பழகிவிட்டது. வைட்ஃபீல்ட் என்றால் வெள்ளை வயல் என்று நினைத்துக்கொண்டு இங்கே இருபது வருஷமாக ஈ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் உண்டு. 1882இல் ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஒரு குடியிருப்பு வேண்டும் என்று மைசூர் மகாராஜாவிடம் நிலம் வாங்கிய டி.எஸ். வைட் என்பவரின் பெயர் அது. குடியிருக்கிற ஊரின் கதையும் தெரியாது, கிளம்பி வந்த வாசலின் கதையும் தெரியாது என்றால், நம் பிள்ளைகளுக்கு எதைத்தான் கொடுக்கப் போகிறோம்?

கமிரோஸின் கல் இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கும். தனுஷ்கோடித் தேவாலயம் பவளக்கல்லில் கட்டியது. உப்புக் காற்று ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுகொண்டிருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தச் சுவர் இருக்குமோ இருக்காதோ. அது காற்றால் விழட்டும். நம் வீட்டுப் பிள்ளை ஏறி மிதித்து விழுந்ததாக இருக்கவேண்டாம்.