கேஸ் தீர்ந்ததா, கசிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மணப்பாறையில் ஏ.சி. மெக்கானிக்கைப் பிடிப்பதே பெரும்பாடு. குளிர் வரவில்லை என்றதும் கிடைக்கும் முதல் பதில், "கேஸ் தீர்ந்துபோச்சு சார்." பைக்குக்குப் பெட்ரோல் போல ஏ.சி.க்குள் கேஸ் செலவாவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே செலவு. பல நேரம் கோளாறு அழுக்கடைந்த ஃபில்டரில்தான் இருக்கும். அதை நாமே கழுவிவிடலாம், காசு செலவில்லை.

கம்ப்ரசர் போய்விட்டது என்றால் பதறாமல் வாரண்டி அட்டையை எடுங்கள். மற்ற பாகங்களுக்கு ஓராண்டுதான் என்றாலும் கம்ப்ரசருக்குப் பல நிறுவனங்கள் 10 ஆண்டு தருகின்றன. கேஸும் கூலியும் அதில் சேருமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

நம்மில் பலர் ரசீது கேட்கவே கூச்சப்படுகிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு ரசீது தராதது நேர்மையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அடுத்த முறை ரசீதோடு, கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மணப்பாறை