கஷாயம் அப்புறம்... முதலில் பனியனை மாற்றுங்கள்!

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் நீலகிரியில் இரண்டு விதமான மனிதர்கள் உண்டு. குரங்குக் குல்லா, கனத்த ஸ்வெட்டர், அதற்கு மேல் ரெக்ஸின் கோட் என்று பொட்டலம் கட்டின மாதிரி ரோட்டில் ஓடுகிறவர்கள் ஒரு வகை. 'குளிரில் ஓடுவதற்கென்று தனி டிரஸ் இருக்காமே, நாலாயிரம் ஐயாயிரம் ஆகுமாமே, நமக்கு எதுக்கு?' என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை.

இரண்டு பேருமே தப்புக் கணக்குப் போடுகிறார்கள் என்பது என் கட்சி. குளிரில் ஓடுவதற்குப் பணம் அதிகம் வேண்டாம். எந்தத் துணி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

'சித்த வைத்தியருக்கு இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஓடிவிட்டு வந்தால் உடம்பு வெடவெடக்கிறது, தசை பிடித்துக்கொள்கிறது, அக்குளிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை என்று சொல்லிக்கொண்டு நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். கஷாயம் கேட்கிறார்கள், களிம்பு கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "உள்ளே என்ன போட்டுக்கிட்டு ஓடினீங்க?" என்பதுதான். பதில் அனேகமாக ஒன்றே: "காட்டன் பனியன், டாக்டர்."

யாருக்கு இந்தக் கவலை?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் காந்தல், தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி உறைபனியில் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். அந்தக் குளிரிலும் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் யார்? பணக்காரர்கள் இல்லை. போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயார் செய்கிற பிள்ளைகள்தான் அதிகம். போலீஸ் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கும் ஓட்டம் உண்டு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகனுக்கும் மகளுக்கும் இந்த ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப்போகிற வேலை.

அப்படி ஒரு பெண், போன வருடம் பனிக்காலத்தில் பயிற்சியையே நிறுத்திவிட்டாள். "ஏம்மா?" என்றேன். "நல்ல டிரஸ் வாங்க முடியல டாக்டர். இருக்கறதப் போட்டு ஓடினா நடுங்குது. ஈரத்தோட வீட்டுக்கு வந்தா அம்மா திட்டுறாங்க" என்றாள். அந்த ஒரு சீசன் போனால் ஒரு வேலை போகலாம். அதனால்தான் இந்த விஷயத்தைச் சின்ன விஷயம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

உடம்பே ஒரு அடுப்பு

ஓடும்போது நம் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டத்துக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கு சூடாக மாறுகிறது. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் உள்ளே ஒரு அடுப்பு எரிகிற மாதிரிதான். ஆகவே ஓடுகிறவனுக்குக் குளிர் பெரிய எதிரி இல்லை. வியர்வையும் காற்றும்தான் எதிரிகள்.

வியர்வை துணியில் தங்குகிறது. ஈரத்துணி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஓடுகிற வரைக்கும் தெரியாது. நின்றதும் அடுப்பு அணைகிறது, ஈரம் அப்படியே இருக்கிறது... வெடவெடப்பு ஆரம்பம்!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜலதோஷத்தைக் கொண்டுவருவது கிருமி. ஈரப் பனியன் கிருமியைப் பெற்றுப்போடாது. ஆனால் ஈரமும் குளிரும் சேர்ந்தால் நடுக்கம் வரும், தசை இறுகும், ஏற்கனவே இழுப்பு உள்ளவர்களுக்கு இழுப்பு கிளம்பும். முன்பனியிலும் பின்பனியிலும், அதாவது மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும், ஐயத்தைக் கிளப்பிவிடுகிற பழக்கங்களை ஒதுக்கு என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். ஈரத்துணியோடு நிற்பது அதில் சேர்த்தி என்பது என் எண்ணம்.

பருத்தி நல்லதுதான், ஆனால்...

"பருத்திதானே உடம்புக்கு நல்லது? நீங்களே பாலியஸ்டர் போடச் சொல்றீங்களே!" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

பருத்தி நல்லதுதான். மதுரை வெயிலிலும் சென்னைப் புழுக்கத்திலும் பருத்திக்கு ஈடு இல்லை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெள்ள மெள்ள உலர்வதால்தான் அது அங்கே குளுமை தருகிறது. அதே குணம் மலைக்குளிரில் நமக்கு விரோதி. சாதாரண நிலையில் பருத்தி நூல் தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு ஈரத்தை இழைக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டர் இழையோ அரைப் பங்குகூட வைத்திருக்காது. நாட்டு வைத்தியன் என்பதற்காக நான் இதை மறைக்க முடியுமா? இடம், காலம் பார்த்து மருந்து கொடு என்பதுதானே எங்கள் வைத்தியமும்?

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு காட்டன் பனியன், ஒரு பாலியஸ்டர் ஜெர்ஸி, இரண்டையும் நனைத்துப் பிழிந்து நிழலில் போடுங்கள். எது முதலில் காய்கிறது என்று பாருங்கள். மூடுபனிக் காலத்தில் எங்கள் வீட்டில் காட்டன் பனியன் இரண்டு நாள் ஆனாலும் சில்லென்றுதான் இருக்கும். ஜெர்ஸியை ராத்திரி போட்டால் காலையில் எடுத்துப் போடலாம். அப்படியானால் மூன்று செட் வாங்க வேண்டிய இடத்தில் இரண்டே போதும். மிச்சம் யாருக்கு?

மூன்று அடுக்கு, குறைந்த செலவு

முதல் அடுக்கு: தோலோடு ஒட்டி இருப்பது. இதற்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். பையன்கள் புட்பால், வாலிபால் ஆடப் போடுகிறார்களே, அந்த மெல்லிய பாலியஸ்டர் ஜெர்ஸி போதும். முழுக்கை என்றால் உத்தமம். உடம்போடு பிடித்த மாதிரி இருக்கட்டும், தொளதொள வேண்டாம். இருநூறு முந்நூறு ரூபாய்க்குச் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். சமவெளிக்குப் போகிறவர்களிடம் சொல்லி, திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சச் சரக்கு விற்கும் கடைகளில் வாங்கிவரச் சொன்னால் இன்னும் மலிவு. ஒரு ஜாக்கிரதை: திருப்பூர் என்றாலே பருத்திப் பின்னலுக்குப் பேர் போன ஊர். ஆகவே உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பெண்கள் உள்ளாடையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அழுத்திப் பிடிக்கிற, சீக்கிரம் காய்கிற விளையாட்டு உள்ளாடை ஒன்று வாங்குவது ஆடம்பரம் இல்லை. மகளுக்கு ஸ்வெட்டர் வாங்குகிற அம்மாக்கள் முதலில் இதை வாங்கிக் கொடுங்கள்.

இரண்டாவது அடுக்கு: சூட்டைப் பிடித்து வைப்பது. இதற்கு ஒரு பைசா வேண்டாம். வீட்டில் பழைய கம்பளி ஸ்வெட்டர் இருக்கும். மெல்லிசாக இருந்தால் அதுவே போதும். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. இல்லாவிட்டால் ஊட்டியில் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர்கள் கடை போடுகிறார்களே, அங்கே கையில்லாத மெல்லிய அக்ரிலிக் ஸ்வெட்டர் ஒன்று பேரம் பேசி வாங்கலாம். கனத்தது வேண்டாம். அது நிற்கிறவனுக்கு, ஓடுகிறவனுக்கு இல்லை. பத்து டிகிரிக்கு மேல் இருந்தால் இந்த அடுக்கே தேவைப்படாது.

மூன்றாவது அடுக்கு: காற்றைத் தடுப்பது. மெல்லிய நைலான் விண்ட்சீட்டர், முன்பக்கம் ஜிப் வைத்தது. சூடானதும் ஜிப்பை இறக்கிவிடலாம், கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ரெக்ஸின் கோட்டும் மழைக்கோட்டும் கூடவே கூடாது. அதைப் போட்டு ஓடினால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆவி வெளியே போகாமல் உள்ளேயே நனைந்துவிடுவீர்கள்.

விண்ட்சீட்டருக்கும் வழியில்லையா? ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயக்காரர்கள் மலை உச்சியிலிருந்து இறங்கும்போது நெஞ்சுக்கு நேராக ஜெர்ஸிக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள். காற்று நெஞ்சில் படாது. நேற்றைய பேப்பருக்கு என்ன விலை?

கைக்குக் கிளவுஸ் வாங்க வேண்டாம். பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு ஓடலாம். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். காதை மூடுகிற மாதிரி ஒரு மெல்லிய குல்லா, கழுத்தில் ஒரு மப்ளர். இழுப்பு உள்ளவர்கள் மப்ளரை மூக்கு வாய் மேல் தளர்த்திச் சுற்றிக்கொண்டால் உள்ளே போகிற காற்று கொஞ்சம் சூடாகும். காலுக்குச் சாதாரண பாலியஸ்டர் டிராக் பேன்ட் போதும். தொடை அவ்வளவு சீக்கிரம் குளிராது.

ஷூ மட்டும் பாதத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். மேலே சொன்னதில் மிச்சம் பிடித்த காசு அதற்குப் போகட்டும்.

எவ்வளவு போடுவது?

சுலபமான கணக்கு ஒன்று. வெளியே 6 டிகிரி என்றால், 14, 15 டிகிரியில் சும்மா நடக்க என்ன போடுவீர்களோ அதைப் போட்டு ஓடுங்கள். வீட்டு வாசலில் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒரு உருப்படி அதிகம் என்று அர்த்தம். உள்ளேயே நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உடம்பை அசைத்துச் சூடு பண்ணிவிட்டுக் கிளம்பினால் அந்தக் குளிரும் தெரியாது.

ஓடி முடித்ததும் செய்ய வேண்டியதுதான் முக்கியம். மைதானத்தில் நின்று அரட்டை அடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஈர ஜெர்ஸியைக் கழற்றி, துண்டால் துடைத்து, உலர்ந்த சட்டை போடுங்கள். இந்த உலர்ந்த சட்டை காட்டனாகவே இருக்கலாம். வீட்டில் இருக்கும் கனத்த ஸ்வெட்டருக்கும் இப்போதுதான் வேலை! ஜெர்ஸியை அன்றன்றைக்கே அலசிப் போடுங்கள். மூட்டையில் சுருட்டி வைத்தால் நாற்றமும் வரும், படர்தாமரையும் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. மலையில் ஓடி வந்ததும் கணப்பு அடுப்பில் கை காட்டுவது வழக்கம். பாலியஸ்டரும் நைலானும் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மாற்றிவிட்டு அடுப்பண்டை போங்கள்.

அப்புறம் சுக்கு மல்லிக் காப்பி தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் கருப்பட்டி சேர்க்காமல், வயிற்றுப் புண் உள்ளவர்கள் சுக்கைக் குறைத்து. அது தொண்டைக்கு இதம். ஆனால் ஈரப் பனியனோடு உட்கார்ந்து குடித்தால் பிரயோஜனம் இல்லை.

இருதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். எந்த டிரஸ் போட்டாலும் உறைபனியில் ஓட உங்களுக்கு அவசியம் இல்லை. வெயில் ஏறின பிறகு நடங்கள், உங்கள் டாக்டரைக் கேட்டு. ஓடும்போதோ நடக்கும்போதோ நெஞ்சு இறுகினால் கஷாயம் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொடுக்கிறவர்களுக்கு...

பனிக்காலம் வந்தால் மலைக்கிராமங்களுக்கு ஸ்வெட்டரும் கம்பளியும் கொண்டுவந்து கொடுக்கிற நல்ல உள்ளங்கள் உண்டு. வயசானவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரில் ஓடுகிற பத்துப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு ஸ்வெட்டர் வேண்டாம். ஆளுக்கு இரண்டு முழுக்கை ஜெர்ஸி, ஒரு விண்ட்சீட்டர் கொடுங்கள். ஒருவருக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் ஆகும்.

மலைப் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலைப் பயிற்சி முடிந்ததும் துணி மாற்றப் பத்து நிமிடமும், பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் ஒதுக்குங்கள். மாற்றுச் சட்டை பையில் இருந்தும், மாற்ற இடம் இல்லாமல் ஈரத்தோடு வகுப்பில் உட்கார்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு நன்கொடைகூட வேண்டாம். மனசு இருந்தால் போதும்.