ஒலுவில் துறைக்குச் சிறு கப்பல்கள் வரட்டும்

குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலிலே சிறு கப்பல்களில் உல்லாச யாத்திரை செய்யும் வழக்கம் மேல்நாட்டுச் செல்வரிடையே அண்மை ஆண்டுகளில் வளர்ந்து வருகிறது. கோடைகாலத்தில் ஒரே கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கான பிரயாணிகள் இறங்கித் தெருக்களை நிறைத்துவிடுவதால் நடமாடவும் இடமின்றித் தவிக்கும் வெனிஸ், டுப்ரோவ்னிக் முதலிய பட்டினங்கள், டிசெம்பரிலும் ஜனவரியிலும் தம் சொந்த ஜனங்களின் கைக்கு மீண்டும் வந்து சேர்கின்றன; அவ்வேளையில் இருநூறு முந்நூறு பேரை மட்டும் ஏற்றிவரும் சிறு கப்பல், பெருங்கப்பல் நெருங்க இயலாத பழந்துறைகளுக்குள்ளும் நுழைந்து, அவசரமின்றித் தங்கி, சந்தையையும் நூதனசாலையையும் தொன்மையான வணக்கத் தலங்களையும் உள்ளூரார் காண்பது போலவே காணச் செய்து திரும்புகிறது. இலங்கையின் கிழக்குக் கரையிலே கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். ஆவது மிகுதியும் உண்டு என்பதும், அந்த யாத்திரைக்கு ஆதாரமாயுள்ள நிதானத்தை நம் கரைக்குப் பொருத்திப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்பதும் என் அபிப்பிராயம்.

மத்தியதரைக் கடலின் குளிர்காலம் முற்காலத்தில் உல்லாசத்துக்கு உரியதாக இருந்ததில்லை. புராதன ரோமர்கள் நவம்பர் தொடங்கி மார்ச் வரையில் கடலை மூடப்பட்டதாகவே கருதிக் கப்பல்களைத் துறையில் கட்டி வைத்தார்கள். கிரானடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், தம் கடமையை நிறைவேற்றிக்கொண்டு 1184ஆம் ஆண்டு ஒக்டோபரில் அக்காத் துறைமுகத்திலே கிறிஸ்தவ யாத்திரிகர்கள் நிரம்பிய கப்பலொன்றில் ஏறி, பல வாரங்கள் அலைக்கழிக்கப்பட்டு, டிசெம்பரில் சிசிலித் தீவின் மெசினாவை அண்மித்தபோது அக்கப்பல் தரைதட்டி உடைந்தது. கரைசேர்க்க வந்த படகுக்காரர் கேட்ட கூலியைக் கொடுக்க வழியின்றி நின்ற ஏழை முஸ்லிம்களுக்காக, அத்தீவின் கிறிஸ்தவ மன்னன் இரண்டாம் வில்லியமே பணம் கொடுத்து அவர்களை இறக்குவித்தான் என்று அவர் தம் பிரயாண நூலில் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். வசந்தம் வரும்வரை சிசிலியிலே தங்கி, பலெர்மோவையும் அங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் நிலைமையையும் கண்டு, 1185 ஏப்ரலில்தான் அவர் வீடு சேர்ந்தார். அந்தக் கட்டாயத் தங்கலின் பயனாகவே நோர்மன் மன்னர் காலத்துச் சிசிலியைப் பற்றி ஓர் அரிய சாட்சியம் உலகுக்குக் கிடைத்தது. ஊரைக் கண்ணால் கண்டு செல்வதற்கு ஒரு நாள் போதும். அறிந்துகொள்வதற்கு அவகாசம் வேண்டும் என்பதை இப்னு ஜுபைரின் அனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

அந்தக் கடலுக்கும் நம் முஸ்லிம் சமூகத்துக்கும் நேரான சம்பந்தமும் உண்டு. 1882 ஜூலையில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்ததன் பின், எகிப்தின் உரிமைக்காகப் போராடித் தோல்வியுற்ற அஹ்மத் உராபி பாஷா தம் தோழர்களோடு நாடுகடத்தப்பட்டு, குளிர்கால நடுவிலே சுயெஸ் வழியாகப் புறப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவில் வசித்த அவர், சித்திலெவ்வை, வாப்பிச்சி மரிக்கார் ஆகிய பெரியார்களின் கல்வி முயற்சிக்கு உறுதுணையாக நின்றார். 1892இல் கொழும்பில் உதயமான சாஹிராக் கல்லூரியின் வரலாற்றில் அவருடைய பெயர் நிலைபெற்றிருக்கிறது. கப்பல் கொண்டுவருவது பண்டமும் பணமும் மாத்திரம் அன்று. சில வேளைகளில் ஒரு சமூகத்தின் கண்ணைத் திறக்கும் அறிவையும் அது ஏற்றி வருகிறது.

இன்று அதே மத்தியதரைக் கரைப் பட்டினங்கள் தம் அனுபவத்தால் மற்றொரு பாடத்தைக் கற்றிருக்கின்றன. 2021 ஓகஸ்டில் வெனிஸ் நகரின் நடுவேயுள்ள பெரிய நீர்வழியில் 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் செல்வதை இத்தாலிய அரசாங்கம் தடைசெய்தது. டுப்ரோவ்னிக் நகரம் ஒரு நாளில் வரக்கூடிய உல்லாசக் கப்பல்களை இரண்டாகக் குறைத்தது. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவு 2025 முதல் நாளொன்றுக்கு எண்ணாயிரம் கப்பற் பிரயாணிகளுக்கு மேல் ஏற்பதில்லை என்று வரையறுத்தது. முதலில் எல்லாக் கப்பல்களையும் வரவேற்று, ஊர் நலிந்தபின் கதவைச் சாத்தியவர்கள் அவர்கள். நாமோ இன்னும் ஒரு கப்பலையும் வரவேற்காதவர்கள். ஆதலால் கதவைத் திறக்கும்போதே அதன் அகலத்தை நிர்ணயிக்கும் பாக்கியம் நமக்கு உண்டு.

நம் கரையின் பருவம் தனித்தன்மை உடையது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றும் மாரி மழையும் சேர்ந்து கடலைக் கொந்தளிக்கச் செய்யத் தோணிகள் கரையேறிக் கிடக்கின்றன. பங்குனி பிறந்ததும் கடல் அடங்கத் தொடங்கி, கொழும்பும் காலியும் தென்மேற்குப் பருவக்காற்றில் அலைபடும் மாதங்களில் பாணமையிலிருந்து திருகோணமலை வரையுள்ள கிழக்குக் கரை பெரும்பாலும் அமைதியுற்று விளங்குகிறது. அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டார் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையில் வந்து குவிவதும் இக்காலத்திலேதான். ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாட்டை மறைக்காமற் சொல்ல வேண்டும். கீழைத்தேசங்களுக்கு வரும் உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலானவை கோடையில் மத்தியதரைக் கடலிலும் வட ஐரோப்பாவிலும் ஓடி, குளிர்காலத்திலேயே இப்பக்கம் வருகின்றன. அதாவது, அவை கொழும்புக்கு வரும் காலம் நம் கடல் மூடிக்கிடக்கும் காலமாகவும், நம் கடல் திறந்திருக்கும் காலம் அவை இப்பக்கமே வராத காலமாகவும் அமைந்துவிட்டது. கிழக்குக்கரைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கவனியாது விடும் உண்மை இது.

இதற்குப் பரிகாரம் இரண்டு உள. ஒன்று, குளிர்கால யாத்திரையை முடித்துக்கொண்டு மத்தியதரைக் கடலுக்குத் திரும்பும் சிறு கப்பல்களை மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும், நம் கடல் அடங்கிய அந்தச் சில வாரங்களில், கிழக்குக் கரையைச் சுற்றிச் செல்லுமாறு அழைப்பது. மற்றொன்று, அயலிலுள்ள பாரதத்திலிருந்து புறப்படும் கப்பல்களை நாடுவது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரெஸ் என்னும் கப்பல் சென்னையிலிருந்து வந்து, அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் காங்கேசன்துறையையும் தரிசித்துச் சென்றது. அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கடல்வழி நம் வாசலைக் கடந்தே செல்கிறது. இருந்தும் அந்தக் கப்பலுக்கு நாம் காட்ட ஒரு துறை இல்லாமற் போயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் அத்தகைய கப்பல் நம் ஊர்களுக்கு அளவில் மிஞ்சியது என்பது உண்மையே. எனினும் நம் கடல் அமைதியுறும் மாதங்களில் பிரயாணிகளைக் கொண்டுவர ஒரு வழி உண்டு என்பதை அது நிரூபித்திருக்கிறது.

கப்பல் இக்கரைக்குப் புதியதும் அன்று. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவைச் சுற்றி ஓடிய கரையோர நீராவிக் கப்பல்களே மட்டக்களப்பையும் திருகோணமலையையும் கொழும்போடு இணைத்தன. 1928இல் மட்டக்களப்புக்கு ரெயில் வந்து சேர்ந்தபின் அந்தக் கப்பல்வழி மங்கிற்று. ரெயிலோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது, கல்முனைக்கு வரவில்லை. கடல்வழியையும் இழந்து இருப்புப் பாதையையும் பெறாத ஊர்களாய் நாம் நிற்கிறோம்.

அந்தக் குறையைத் தீர்க்கவே ஒலுவில் துறைமுகம் நினைக்கப்பட்டது. 1994இல் துறைமுக அமைச்சரான மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் இப்பிரதேசத்துக்கென ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு துறைமுகத்தையும் உருவாக்க முற்பட்டார். பல்கலைக்கழகம் அவர் வாழ்நாளிலேயே மலர்ந்தது. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் உயிர்நீத்தபோது துறைமுகம் கனவாகவே இருந்தது. டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் அது திறந்து வைக்கப்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. கரையோரமாய் வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தமையால், வாயிலிலே மணல் குவிந்து மீன்பிடிப் படகுகளும் போக்குவரத்துச் செய்ய இயலாது முடங்கின. வடக்கே ஒலுவில் கிராமத்தின் கரையும் நிந்தவூர்க் கரையும் கடலரிப்புக்கு இரையாகி, தென்னந்தோப்புகளும் வயல்நிலங்களும் அழிந்தன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமியின்போது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனதை நெஞ்சிலிருந்து அகற்ற முடியாத ஜனங்களுக்கு, அபிவிருத்தியின் பெயராலும் கடல் முன்னேறி வருவதைக் காண்பது எத்தகைய வேதனை என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

ஆகையால், சிறு கப்பல்கள் வரட்டும் என்று சொல்வதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. துறைமுகத்தின் தெற்கிலும் வாயிலிலும் குவியும் மணலை ஆண்டுதோறும் அகழ்ந்து வடக்கே அரிக்கப்பட்ட கரைக்குக் கொண்டுசேர்க்கும் நிரந்தர ஏற்பாடே முதல் நிபந்தனை. இந்தப் பரிகாரம் உலகின் பல துறைமுகங்களில் கைக்கொள்ளப்படுவது, நமக்கென்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. இரண்டாவது, துறையின் முதல் உரிமை ஆழ்கடல் மீனவருக்கும் கரைவலைத் தொழிலாளருக்கும் உரியது என்பதைச் சட்டபூர்வமாக நிலைநாட்டுவது. உல்லாசக் கப்பல் ஆழத்திலே நங்கூரமிட்டு நிற்க, அதிலுள்ளோர் சிறு படகுகளில் கரைக்கு வரலாம். மூன்றாவது, முந்நூறு பேருக்கு மேற்பட்ட கப்பலை ஏற்பதில்லை என்ற வரம்பு. நான்காவது, கழிவும் எண்ணெயும் கடலில் கலவாதபடி முன்வைப்புப் பணமும் கண்டிப்பான பரிசோதனையும். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியபோது, அதிலிருந்த சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெய் கடலில் கலந்திருந்தால் நம் மீனவரின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போர் இந்நிபந்தனையை மிகையென்று சொல்ல மாட்டார்கள். மத்தியதரைக் கடல் முழுவதிலும் 2025 மே முதலாகக் கப்பல் எரிபொருளின் கந்தக அளவு கடுமையாக வரையறுக்கப்பட்டிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஆடம்பரக் கப்பல் நம் மார்க்கத்துக்கும் மரியாதைக்கும் ஒவ்வாதது என்று சில பெரியவர்கள் ஆட்சேபிக்கக்கூடும். வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிப்பது உண்மை. ஆனால் பூமியிலே பிரயாணம் செய்து கண்டு தெளியுமாறு பணிப்பதும் அதே மார்க்கமே. பணம் படைத்தவன் கப்பலுக்குள் எப்படி உண்கிறான் என்பது அவன் கணக்கு; கரையில் இறங்கியபின் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பது நம் கணக்கு. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வீதிகளுக்கு வருகையைத் தவிர்க்கவும், வீட்டு முற்றங்களையும் பெண்களையும் அனுமதியின்றிப் படம்பிடிக்காமலிருக்கவும், ஊருக்கேற்ற உடையோடு வரவும் நிபந்தனை விதிப்பது விருந்தோம்பலுக்கு விரோதமாகாது. குளிர்காலத்தில் சிறு கப்பலேறும் பிரயாணி கூட்டத்தையும் ஆரவாரத்தையும் விட்டு விலகவே அதிகப் பணம் கொடுக்கிறவன். இந்த ஒழுங்கு அவனுக்குப் பாரமாகத் தோன்றாது.

அவனுக்குக் காட்ட நம்மிடம் என்ன உண்டு என்று கேட்பவர்கள் தம் ஊரையே கண்திறந்து பார்க்காதவர்கள். நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகக் கொடியேறும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் வங்காள விரிகுடாவின் இரு கரைகளையும் ஒரே மரபிலே பிணைக்கிறது. மருதமுனையின் கைத்தறிகள், சம்மாந்துறையின் நெல்வயல்கள், எருமைத் தயிர், வட்டிலப்பம், பொல்லடி, களிகம்பு, பாமரப் பெண்கள் தலைமுறையாய்ப் பாடிவரும் நாட்டார் கவிகள் ஆகிய இவையெல்லாம் ஒரு நாள் அவகாசத்தோடு காணத்தக்கவை. அவற்றை விளக்கிச் சொல்லும் வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்க, இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. நெசவாளரும் படகோட்டியும் சமையற்காரரும் இடைத்தரகரின்றி ஊதியம் பெறும்படி ஏற்பாடு செய்தால், ஒரு சிறு கப்பலின் வருகை பல குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்யும். வெளிநாட்டுக் கம்பனியொன்று கரையிலே வேலியடைத்துத் தன் சுற்றுலாவைத் தானே நடத்துவதாயின், அந்தக் கப்பல் வராமலிருப்பதே மேல்.

துறைமுக அதிகாரசபையும் கடற்றொழில் அமைச்சும் கரையோரம் பேணல் திணைக்களமும் ஒலுவில் விடயத்தில் ஒன்றையொன்று சுட்டிக்காட்டிக் காலம் கழிப்பதை நிறுத்தி, மீனவர் சங்கங்களையும் பள்ளிவாசல் நிருவாகங்களையும் கல்முனை மாநகர சபையையும் அயற் பிரதேச சபைகளையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே மேசைக்கு அழைத்து, மணலை அகற்றும் திட்டத்தையும் கப்பல்களுக்கான நிபந்தனைகளையும் எழுத்திலே தீர்மானிக்க வேண்டும். மணல் அகற்றப்பட்டு, இழந்த கரை மீளத் தொடங்கி, மீனவரின் படகுகள் தடையின்றிச் சென்று வருவதைக் கண்ட பின்னரே முதல் சிறு கப்பலுக்கு அழைப்பு விடுக்கப்பட வேண்டும். அந்த ஒழுங்கு மாறி, கப்பல் முதலிலும் கரை பின்னருமாக நினைக்கப்படுமாயின், நம் பிரதிநிதிகள் எக்கட்சியினராயினும் அதை எதிர்த்து நிற்பது அவர்கள் கடமை.