ஸ்டியரிங்குக்கு ஒருவர், சிங்க்குக்கு ஒருத்தி

அமெரிக்க முகாம் மைதானங்களில் ட்ரெய்லர் வாசல் மிதியடிகளில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படும். ‘வண்டியை நிறுத்தும்போது நான் சொன்னதற்கெல்லாம் மன்னித்துவிடு.’ டீ ஷர்ட்டிலும் வரும், காபிக் கோப்பையிலும் வரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதில் பேசுகிறவர் யார், கேட்டுக்கொண்டு நின்றவள் யார் என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு பெண்ணை ஊர் பார்க்கக் கத்தியதை நகைச்சுவையாக்கி மிதியடியில் அச்சடித்து, அந்த மிதியடியைத் தட்டி உதறிப் போடும் வேலையையும் அவளிடமே கொடுத்திருக்கிறார்கள்.

டிராவல் ட்ரெய்லர் என்பது பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. நான் வசிக்கும் கொலராடோவில் கோடை வந்தால் ஜோடி ஜோடியாக மலைக்கு இழுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இப்போது நம் ஆட்களும் வாங்குகிறார்கள், நாங்களும் வாங்கினோம். சுதந்திரம், எளிய வாழ்க்கை, நட்சத்திரம், நிம்மதி என்று அதைப் பற்றி எழுதப்படுவதையெல்லாம் படித்துச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தம்பதியில் ஒருவருக்கு மட்டுமே ஓட்டத் தெரிந்த ட்ரெய்லரை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். இது சமத்துவப் பிரசங்கம் இல்லை. உயிர் விஷயம்.

முதலில் வேலைக் கணக்கைப் பார்ப்போம். கொக்கி மாட்டுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, மட்டம் பார்ப்பது, கழிவுநீர்க் குழாய் இணைப்பது எல்லாம் அவர் வேலை. போனதும் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. வெளியே நின்று செய்கிற வேலை என்பதால் பக்கத்து ட்ரெய்லர்காரர் வந்து பேச்சுக் கொடுப்பார், பாராட்டுவார். உள்ளே இருப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒன்பதாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேக வெகுநேரம் ஆகும். அதனால் குக்கரும் கூடவே மலையேறும். கழிவுநீர்த் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பாத்திரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கழுவ வேண்டும். “எங்க வீட்ல இவர்தாங்க சமையல், கிரில் போட்டார்னா அடிச்சுக்க ஆளில்ல” என்று ஒரு தோழி சொன்னாள். வாஸ்தவம். கோழியை வெட்டி, மசாலா தடவி, ஊற வைத்து, தட்டில் அடுக்கி, கையில் கொடுத்தால் அவர் திருப்பித் திருப்பிப் போடுவார். பிறகு அந்தக் கம்பி வலையை யார் தேய்த்தார்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

இதோடு முடிந்தால் வழக்கமான புலம்பல் என்று விட்டுவிடலாம். வீட்டில் நடப்பதுதானே இங்கேயும் நடக்கிறது. ஆனால் மலை, வீடு இல்லை.

எங்கள் பக்கத்துப் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் காலின்ஸ் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி. அங்கிருந்து 14ஆம் எண் சாலை பூடர் ஆற்றங்கரையோடு வளைந்து வளைந்து ஏறி, 10,276 அடியில் கேமரன் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் காடுகளுக்குள் இறங்குகிறது. முகாம் இடங்கள் பல அங்கேதான். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத பலத்தை இழக்கும். கணவாய்க்குப் போகும்போது அதன் பலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இருக்காது. ஆனால் ஏறுவது கஷ்டமே தவிர ஆபத்து குறைவு. ஆபத்து இறக்கத்தில். தாழ்ந்த கியரில் போட்டு இன்ஜினையே பிடிமானமாக வைத்து இறங்க வேண்டும். பயத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் காலில் இருக்கும் பிரேக்கை அழுத்தக் கூடாது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற சின்ன நெம்புகோலை அழுத்தி ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். சில வண்டிகளில் பக்கத்து சீட்டிலிருந்தே அது கைக்கு எட்டும். அது எதற்கு என்று தெரியுமா என எனக்குத் தெரிந்த ஐந்து பெண்களிடம் கேட்டேன். ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அவள் கேரளத்து லாரிக்காரர் மகள்.

இப்போது அந்த இறக்கத்தில் ஓட்டுகிறவருக்கு நெஞ்சு வலித்தால்? பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் போனில் சிக்னல் கிடையாது. 8,000 அடிக்கு மேலே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நோயும் உண்டு. பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் வரும், ராத்திரியில் மோசமாகும். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. ஆக்ஸிஜன் கொடுத்து உடனே கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். யார் இறக்குவது?

“ட்ரெய்லரை அங்கேயே விட்டுட்டு வண்டிய மட்டும் எடுத்துட்டு வரலாமே” என்பீர்கள். வரலாம். கொக்கியைக் கழற்றத் தெரிந்திருந்தால் வரலாம். ஒரே ராத்திரி தங்கல் என்றால் பலர் கழற்றுவதே இல்லை. சரி, கழன்றே இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஆறு மீட்டர் நீள பிக்கப்பை அவள் கடைசியாக எப்போது ஓட்டினாள்? கடைக்குப் போக அவளுக்குச் சின்னக் கார் இருக்கிறது. பெரிய வண்டி அவருடையது. அதை முதல்முதலாக ஓட்டிப் பார்க்கிற இடமா, ராத்திரி இரண்டு மணிக்குக் கேமரன் கணவாய்?

1954இல் ஹாலிவுட்டில் ‘தி லாங், லாங் ட்ரெய்லர்’ என்றொரு படம் வந்தது. வின்சென்ட் மினெல்லி இயக்கியது. லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் புதுமணத் தம்பதி. போகிற இடமெல்லாம் அவள் கல் பொறுக்கிச் சேர்ப்பாள், எடை கூடும், மலை ஏற வேண்டிய நேரத்தில் அவன் எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்வான், அவள் ஒளித்து வைப்பாள். நல்ல நடிகை, நானும் பல இடங்களில் சிரித்தேன். ஆனாலும் எழுபது வருஷமாக ட்ரெய்லர் உலகம் பெண்ணைப் பற்றிச் சொல்கிற கதை இதுதான்: அவர் எடையைக் கவனிப்பார், அவள் எடையைக் கூட்டுவாள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். ட்ரெய்லர் கொக்கியில் அழுத்துகிற எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வாலாட்டும், கூடினால் முன்சக்கரப் பிடி தளரும். அரிசி மூட்டையை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது இதனால்தான் முக்கியம். சாமான் அடுக்குகிறவள் அவள். ஸ்டிக்கர் இருப்பதோ அவர் கதவில். யாராவது அவளைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்களா? காட்டாமலே “எதுக்கு இவ்ளோ அள்ளிட்டு வர்றே” என்பார்கள்.

“அவளுக்கே ஓட்ட இஷ்டம் இல்லீங்க” என்பது கடைசி வாதம். பல பெண்கள் தாங்களே இப்படிச் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் ஒரு தடவை முயன்று, ரிவர்ஸில் கோணிக்கொண்டு போய், “லெஃப்ட்னா லெஃப்ட்! உன் லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்!” என்று கேட்ட பிறகு இஷ்டத்தை இழந்தவர்கள்? எனக்கு வீட்டுக்காரர் பொறுமையானவர். அப்படியும் ஒரு முகாமில் நான் பின்னால் எடுக்க ஆரம்பித்தபோது முன்பின் தெரியாத ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என்னைத் தாண்டி இவரிடம் போய், “நீங்க எடுத்துடுங்களேன், சீக்கிரம் முடியும்” என்றார். இவர் எடுத்திருந்தாலும் மூன்று தடவை முன்னும் பின்னும் போயிருப்பார். அது அனுபவம். நான் போனால் தடுமாற்றம். இவர் அந்த மனிதரிடம், “அவங்கதான் இன்னிக்கு டிரைவர்” என்று சொல்லிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் போனார். ஆறு நிமிஷம் ஆனது. பெரியவர் கடைசிவரை நின்று பார்த்தார்.

கற்றுக்கொள்ள மலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது பள்ளிக்கூடத்துக் காலி வாகன நிறுத்தம் போதும், நாலு பிளாஸ்டிக் கூம்பு போதும். ரிவர்ஸ் எடுக்கும்போது கையை ஸ்டியரிங்கின் மேலே வைக்காமல் அடியில் வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ ட்ரெய்லரின் பின்பக்கம் அந்தப் பக்கம் போகும். இடது வலது குழப்பமெல்லாம் அங்கேயே பாதி தீர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள், இறங்கிப் போய்ப் பாருங்கள், யாரும் மணி பார்க்கவில்லை. வெளியே நிற்கிறவரும் ஓட்டுகிறவரும் பேச ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்குங்கள். மலையில் போன் வேலை செய்யாது. அதில் கத்தினால் எதிர்முனையில் வெறும் கரகரப்புதான் கேட்கும், மெதுவாகப் பேசினால்தான் புரியும். வாரம் மாற்றி வாரம் ஆள் மாறுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டை, ஸ்டியரிங்கில் உட்காராதவர் செய்யட்டும். பாத்திரமும் சேர்த்து.