ஹிரோஷிமாவின் பத்து நிமிடப் படங்கள்

அணுகுண்டு விழுந்து 40 ஆண்டுகள் ஆன 1985 ஆகஸ்ட்டில், உலகெங்கும் உள்ள அனிமேஷன் கலைஞர்களைத் தன் ஊருக்கு அழைத்தது ஹிரோஷிமா. ‘அன்பும் அமைதியும்’ என்பதுதான் அந்தப் பன்னாட்டு விழாவின் முழக்கம். சிறுவர்களுக்கானவை என்று நாம் ஒதுக்கிவைக்கும் படங்களுக்கும் அவ்வளவு பெரிய துயரத்துக்கும் என்ன பொருத்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். விழா உருவாகக் காரணமாக இருந்த ரென்சோ கினோஷிதா, சயோகோ கினோஷிதா தம்பதியின் ‘பிக்காதொன்’ படத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

1978இல் வெளிவந்த அந்தப் படம் பத்து நிமிடம்கூட ஓடாது. வசனம் கிடையாது. வழக்கமான ஒரு காலைப்பொழுது. ஜனங்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள், ஒரு சிறுவன் காகித விமானம் விடுகிறான். பிறகு வெளிச்சம். எளிய கோடுகளால் வரைந்த அதே உடல்கள் நம் கண்ணெதிரே உருகி வழிகின்றன. யோஷிதோ மட்சுஷிகே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் குண்டு விழுந்த அன்று நகருக்குள் எடுத்தவை ஐந்தே ஐந்து படங்கள். காயம்பட்டவர்களைப் பார்த்தபோது பொத்தானை அழுத்த அவருக்குக் கை வரவில்லை. கேமரா பின்வாங்கிய இடத்தில், பிழைத்தவர்களின் நினைவை நம்பி ஓவியம் முன்னே போனது. அனிமேஷன் இந்த நகரத்துக்கு உரிய கலை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்த விழா நம்பிக்கை தந்தது என்று சொன்னால், சுபமாக முடியும் படங்களைத் திரையிட்டது என்று பொருளல்ல. அங்கே நம்பிக்கை, படம் உருவாகும் விதத்திலேயே இருந்தது. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை பதிவுசெய்தாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். பத்து நிமிடத்துக்கு 7,200. பெரிய ஸ்டுடியோக்களில் இதைச் செய்ய ஒரு படையே இருக்கும். சுயாதீனக் கலைஞருக்கு இருப்பது தன் கையும், வாய்த்தால் ஓர் உதவியாளரும்தான். ரஷ்யாவின் அலெக்சாந்தர் பெத்ரோவ் கண்ணாடியின் மேல் எண்ணெய் வண்ணத்தை விரல்நுனியால் தீட்டுவார். படம் பிடித்ததும் அதையே கலைத்து அடுத்த அசைவைத் தீட்டுவார். அவருடைய ‘பசு’ 1990இல் ஹிரோஷிமாவின் முதன்மைப் பரிசைப் பெற்றது.

அதற்கு முந்தைய விழாவில், 1987இல், அதே பரிசைப் பெற்றது கனடாவின் பிரெடெரிக் பாக் உருவாக்கிய ‘மரங்களை நட்ட மனிதன்’. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ழியோனோவின் கதை. மனைவியையும் மகனையும் இழந்த இடையர் ஒருவர் பொட்டல் மலைப்பகுதியில் தனியாக வாழ்கிறார். இரவில் ஓக் மரக் கொட்டைகளை மேசையில் கொட்டி, சிறுத்ததையும் கீறல் விழுந்ததையும் ஒதுக்கி, பத்துப் பத்தாகக் கூறு வைக்கிறார். நூறு தேறியதும் படுக்கப் போகிறார். மறுநாள் இரும்புக் கழியால் மண்ணில் குழி போட்டு அவற்றை ஊன்றுகிறார். ஒரு லட்சம் ஊன்றியதில் 20 ஆயிரம் முளைத்திருக்கின்றன. அதிலும் பாதி போய்விடும் என்று அவரே கணக்குச் சொல்கிறார். இரண்டு உலகப் போர்கள் வந்துபோகின்றன. அவர் நடுவதை நிறுத்தவில்லை. இந்த அரை மணி நேரப் படத்துக்காக, வண்ணப் பென்சிலால் ஏறக்குறைய 20 ஆயிரம் ஓவியங்களை ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்து வரைந்தார் பாக். இனி 75 ஆண்டுகளுக்குப் புல்கூட முளைக்காது என்று பேசப்பட்ட ஊர் ஹிரோஷிமா. இப்படிப்பட்ட படத்துக்கு முதல் மரியாதை செய்ய அதைவிடப் பொருத்தமான ஊர் உலகில் இல்லை.

சர்வதேச அனிமேஷன் கலைஞர் சங்கமான ‘அஸிஃபா’வின் ஆதரவுடன் நடந்த விழா இது. 1960இல் பனிப்போரின் உச்சத்தில் பிறந்த அந்தச் சங்கத்தின் முதல் தலைவர், போருக்கு எதிரான ‘அண்டை வீட்டார்’ படத்தை எடுத்த நார்மன் மெக்லாரன். அரசுகள் முகம் திருப்பிக்கொண்டிருந்த காலத்தில், இரு முகாம்களின் கலைஞர்களும் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்தார்கள். அணுகுண்டு விழுந்த ஊரில் ‘பசு’ என்ற சோவியத் படம் பரிசு வாங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2020இல், பெருந்தொற்றால் வழக்கமான திரையிடல்கூட இல்லாமல், 18ஆவது விழாவோடு அது முடிவுக்கு வந்தது. இசையையும் சேர்த்துப் பரந்த கலைத் திருவிழாவாக நடத்துவதே மாநகராட்சியின் முடிவு. அதன் பகுதியாக 2022 முதல் ‘ஹிரோஷிமா அனிமேஷன் சீசன்’ நடக்கிறது. 2004இல் பழைய விழாவின் முதன்மைப் பரிசைப் பெற்ற கோஜி யமாமுரா அதன் கலை இயக்குநரானார். தொடர்ச்சி முற்றாக அறுந்துபோகவில்லை என்பது ஆறுதல். ஆனாலும், 35 ஆண்டுகளில் திரண்ட நம்பகத்தை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

காரணம் இருக்கிறது. 2025இல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்றது, ஈரானின் ஷிரின் சொஹானியும் ஹொசைன் மொலாயெமியும் இயக்கிய ‘சைப்ரஸ் மரத்தின் நிழலில்’. போரின் வடு ஆறாத கப்பல் கேப்டன் ஒருவரையும் அவர் மகளையும் பற்றிய, வசனமே இல்லாத 20 நிமிடப் படம். பொருளாதாரத் தடைகளுக்கு நடுவே அதை முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. விசா இழுபறியால், ஆஸ்கர் விழா தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போதுதான் இயக்குநர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். இத்தகைய படங்களை வாங்க விநியோகஸ்தர் வரிசையில் நிற்பதில்லை. அவற்றுக்கு முதல் திரை விழாக்கள்தான். முதல் கோட்டை வரையும் நாளில் கலைஞருக்குத் தேவைப்படுவது, கடைசிக் கோட்டை வரைந்து முடிக்கும்போதும் அந்தத் திரை இருக்கும் என்ற உறுதி. வருகைப் பதிவேட்டை வைத்து ஆண்டுதோறும் எடைபோடப்படும் விழாவால் அந்த உறுதியைத் தர முடியாது. ஒரு படம் உருவாக ஆறு ஆண்டுகள் ஆகிறது என்றால், விழாவுக்கான நிதியையும் குறைந்தது அவ்வளவு காலத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். ஹிரோஷிமா அதைத் தொடங்கினால் மற்ற நகரங்களின் விழாக்களும் அதைக் கேட்டுப் பெற முடியும்.